கும்பிட்டு நிறுத்திய கார்கள்

எங்கள் பள்ளிக்கூடத்து வாசலில் இப்போது ஒரு பெட்டி வைத்திருக்கிறார்கள். கம்பத்தின் உச்சியில் இருக்கிறது. வீதியில் வருகிற வண்டியின் வேகத்தைத் தானே கண்டுபிடித்து எண்ணில் காட்டுகிறது. மெதுவாக வந்தால் பச்சை நிறத்தில் சிரிக்கிற முகம் வரும். வேகமாக வந்தால் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு ஒரு சிவப்பு முகம் வரும். போன வாரம் ரேஷன் கடைக்குப் போகிற வழியில் அதன் கீழே நின்று கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்தேன். அந்த அழுமூஞ்சியைப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே இரண்டு காலேஜ் பையன்கள் பைக்கை முறுக்கிக்கொண்டு போய்த் திரும்பி வந்தார்கள்.

எனக்குப் பிறகு ஆயா வேலைக்கு வந்த கவிதா கேட்டைத் திறந்துகொண்டு வந்தாள்.

"பாவாயக்கா, இந்தப் பொட்டியெல்லாம் இல்லாத காலத்துல நீங்க எப்பிடித்தான் வண்டிய நிறுத்துனீங்க? நீங்க சத்தமாப் பேசியே நாங் கேட்டதில்லையே."

"கும்பிட்டேன் கண்ணு."

நான் விளையாட்டுக்குச் சொன்னதாக நினைத்துச் சிரித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நெசமாவா? அப்ப எழுதிக் குடுங்கக்கா, ஆண்டு மலர்ல போடச் சொல்றேன்" என்றாள். எழுதுகிறேன். பேசச் சொன்னால்தான் எனக்கு வராது. எழுதுகிறபோது எதிரில் யாரும் இல்லை, சௌகரியமாக இருக்கிறது.

நான் ஐந்தாம் வகுப்பு வரைக்கும் படித்தவள். நாமக்கல்லுக்குப் பக்கத்துக் கிராமத்தில் ஒரு பெரிய காட்டில் அப்பாவும் அம்மாவும் வேலை செய்தார்கள். எங்கள் பக்கம் விளைநிலத்தைக் காடு என்றும் நிலத்துக்காரரைப் பண்ணாடி என்றும் சொல்வோம். பண்ணாடி வரப்பில் வந்தால் அம்மா வரப்பை விட்டு இறங்கி, ஒதுங்கி நின்று, இரண்டு கையும் சேர்த்துக் கும்பிடுவாள். அவர் பாட்டுக்குப் போவார். திருப்பிக் கும்பிட மாட்டார். அதில் அவருக்குக் கோபமும் இல்லை, அம்மாவுக்கு வருத்தமும் இல்லை. அப்படித்தான் இருந்தது. அம்மாவின் பக்கத்தில் நின்று நானும் கும்பிடுவேன். அப்புறம் கல்யாணமாகி நாமக்கல் வந்தேன். என் வீட்டுக்காரருக்கு லாரிக்குப் பாடி கட்டுகிற பட்டறையில் பெயிண்டர் வேலை. பின்பக்கப் பலகையில் ஒலி எழுப்பவும் என்று எழுதி, சுற்றிலும் தாமரையும் கிளியும் போடுவார். எனக்கு இந்தத் துவக்கப்பள்ளியில் ஆயா வேலை கிடைத்தது. கூட்டுவது, தண்ணீர் எடுத்து வைப்பது, ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மூக்குத் துடைத்துவிடுவது. யாரையும் நிமிர்ந்து பார்க்க வேண்டிய அவசியமில்லாத வேலை. எனக்குப் பிடித்திருந்தது.

எங்கள் பள்ளிக்கூடம் இருப்பது வீடுகள் நிறைந்த ஒரு வீதியில். முன்னெல்லாம் பால்காரர், கேஸ் சிலிண்டர் ஆட்டோ, வீட்டுக்காரர்களின் ஸ்கூட்டர், அவ்வளவுதான் வரும். மெயின் ரோட்டில் சிக்னல் போட்டார்கள். சிக்னலில் நிற்கப் பிடிக்காதவர்கள் எங்கள் வீதியைக் கண்டுபிடித்தார்கள். அதற்கு மேல் செல்போனில் வழி சொல்கிற அந்தப் பெண் வேறு வந்து சேர்ந்தாள். இடது பக்கம் திரும்பவும் என்று அவள் சொல்கிறாள், வெளியூர்க் கார்களெல்லாம் திரும்புகின்றன. அவளுக்கு எங்கள் பள்ளிக்கூடம் இருப்பது தெரியாது. காலையில் பிரேயர் நேரத்துக்குக் கார்கள் சேலம் ரோட்டிலிருந்து திருச்செங்கோடு ரோட்டுக்குக் கயிறு கட்டி இழுத்ததுபோலப் போயின.

வீதிக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து வேகத்தடை வேண்டும் என்று கையெழுத்துப் போட்டார்கள். எங்கே போடுவது என்று கேட்டபோதுதான் வம்பு வந்தது. வண்டி அதன்மேல் ஏறி இறங்கினால் என் வீட்டுச் சுவர் அதிரும், வேண்டாம் என்றார் ஒருவர். எங்கள் வாசலில் போட்டால் வண்டி நின்று நின்று ஹாரன் அடிப்பான் என்றார் இன்னொருவர். அளக்க வந்த அதிகாரி நாலு வீட்டில் டீ குடித்துவிட்டு, நீங்கள் பேசி முடிவு செய்துவிட்டுக் கூப்பிடுங்கள் என்று போய்விட்டார்.

அந்தச் சமயத்தில்தான் யாழினியின் பையில் கார் பட்டது. இரண்டாம் வகுப்புப் பிள்ளை. ரோட்டைக் கடக்கும்போது ஒரு காரின் கண்ணாடி அவள் புத்தகப்பையின் வாரில் மாட்டி, பிள்ளை ஒரு சுற்றுச் சுற்றி உட்கார்ந்துவிட்டது. சிராய்ப்புக்கூட இல்லை. டிபன் டப்பா மட்டும் உருண்டுபோய் எலுமிச்சைச் சாதம் ரோடெல்லாம் சிந்தியது. அந்த மஞ்சளைத் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டுத்தான் நான் உள்ளே வந்தேன். மறுநாள் இரண்டு வீட்டில் பிள்ளைகளுக்கு டி.சி. கேட்டு வந்தார்கள்.

தாளாளர் வந்து, சீருடை போட்ட செக்யூரிட்டி ஆள் ஒருத்தரைப் போடலாம் என்றார். ஆனால் அவரையும் ஆயாவையும் சேர்த்து வைத்துக்கொள்ள முடியாது என்றார். நான் வராந்தாவில் குடத்தோடு நின்றுகொண்டிருந்தேன். எங்கள் தலைமையாசிரியை மரகதம் டீச்சர் குரலை உயர்த்துகிறவர் அல்ல. "அரைப் பரீட்சை வரைக்கும் பாவாயி ரோட்டப் பார்க்கட்டும். ஒரு பிள்ளைக்கு ஒண்ணுன்னாலும் அன்னைக்கே நீங்க ஆள் போட்டுக்குங்க" என்றார்.

தாளாளர் போனபின், "டீச்சர், எனக்குப் பேசவே வராதுங்களே" என்றேன்.

"பேச வேண்டாம். நீ யாரையும் லேசுல நம்ப மாட்ட. ரோட்டுக்கு அந்தக் குணம்தான் வேணும்."

மரகதம் டீச்சரின் வழக்கம் ஒன்று உண்டு. சேலைத் தலைப்பில் எப்போதும் ஒரு சாக்பீஸ் முடிந்து வைத்திருப்பார். எதைச் சொல்வதென்றாலும் அதை அவிழ்த்து, சுவரோ தரையோ என் தண்ணீர் வாளியோ, கைக்கு எட்டியதில் வரைந்து காட்டுவார். சொல்லி முடித்ததும் நிறுத்தி, "இப்ப நீ சொல்லு" என்பார். நாம் திருப்பிச் சொல்கிற வரைக்கும் விடமாட்டார். அன்று வராந்தாத் தரை முழுக்க எங்கள் வீதியை வரைந்தார்.

மெயின் ரோட்டில் பஸ் இறங்கி நடந்து வருகிற பிள்ளைகளும் ஆட்டோவில் வருகிற பிள்ளைகளும் எதிர்ப்பக்கம், நாச்சிமுத்து அண்ணன் வீட்டு மதில் ஓரம் வந்து சேர்வார்கள். அவர்களை ஜோடி ஜோடியாகக் கைபிடிக்க வைத்து டீச்சர் மதிலோரம் நிற்பார். முதலில் நான் மட்டும் ரோட்டில் இறங்க வேண்டும். காரோட்டியின் முகத்தைப் பார்க்கக் கூடாது. முகம் சிரிக்கும், வண்டி வந்துகொண்டே இருக்கும். முன்சக்கரத்தைப் பார்க்க வேண்டும். சக்கரம் முழுதாக நின்ற பிறகு, நின்ற காரை ஒட்டிக்கொண்டு ஏதாவது டூவீலர் நுழைகிறதா என்று எட்டிப் பார்க்க வேண்டும். அதற்கப்புறம் நான் தலையை ஆட்டினால்தான் டீச்சர் பிள்ளைகளை விடுவார். ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால் நிறுத்துகிற பேச்சே இல்லை, எல்லோரும் மதிலோரம் திரும்பிவிட வேண்டும். "இப்ப நீ சொல்லு" என்றார். சொன்னேன். முகத்தைப் பார்க்க வேண்டாம் என்றது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

என் வீட்டுக்காரர் சந்தோஷப்பட்டு, ஒரு தகரத்தில் நில் என்று எழுதிக் கைப்பிடி வைத்துக் கொடுத்தார். மனிதருக்குச் சும்மா எழுதத் தெரியாது. மேலே இரண்டு கிளி, கீழே தாமரைக் குளம், ஓரமெல்லாம் கொடி. நில் நடுவில் சின்னதாக இருந்தது. டீச்சர் அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு பாவாயி. ஆனா இதப் பார்த்து முடிக்கறதுக்குள்ள வண்டி திருச்செங்கோடு போயிரும்."

அந்தத் தகரம் இன்னும் எங்கள் வீட்டில் இருக்கிறது. ஜன்னலுக்கு மறைப்பு.

பலகைக்குப் பதிலாக டீச்சர் ஒரு விசில் கொடுத்தார். முதல் நாள் காலையில் அதை வாயில் வைத்து ஊதினேன். காற்று மட்டும்தான் வந்தது. வீதியே என்னைப் பார்க்கிறதே என்று கூச்சம். எதிர் மதிலில் முழங்கையை ஊன்றி டீ குடித்துக்கொண்டிருந்த நாச்சிமுத்து அண்ணன், "அம்மிணி, அது குக்கரா விசிலா?" என்றார். ரொம்ப வருஷம் லாரி ஓட்டி வடக்கேயெல்லாம் போய்வந்து ஓய்வாக இருக்கிற மனிதர். காலை வேடிக்கையை விடமாட்டார்.

கையை நீட்டலாம் என்றால் அதுவும் வரவில்லை. பெரியவர்களுக்கு முன்னால் உள்ளங்கையைக் காட்டி நில் என்பதற்கு எங்கள் வீட்டில் யாரும் பழக்கவில்லை. அதற்குள் ஒரு நீலக் கார் வந்துவிட்டது. எனக்கு வேறொன்றும் தோன்றவில்லை. நடுரோட்டில் நின்று இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிட்டேன்.

கார் மெதுவானது. ஸ்டீயரிங்கில் இருந்த கைகளைப் பார்த்தேன். நரைமுடி படர்ந்த, வயசான கைகள். அவை ஸ்டீயரிங்கை விட்டு மேலே எழும்பி, ஒன்றாகச் சேர்ந்து, என்னைக் கும்பிட்டன. சக்கரம் நின்றது. டூவீலர் இல்லை. தலையை ஆட்டினேன். பிள்ளைகள் போனார்கள்.

மறுநாள், அதற்கடுத்த நாள், அதே மாதிரிதான். கும்பிட்டால் நின்றார்கள். எனக்கே ஆச்சரியமாக இருந்தது. நாச்சிமுத்து அண்ணன்தான் விளக்கம் சொன்னார்.

"இதுல ஒண்ணுமில்ல அம்மிணி. விசிலடிச்சா டிரைவருக்கு ரோசம் வரும். கையக் காட்டுனா, இவ யாரு என்னைய நிறுத்தறதுன்னு இருக்கும். கும்பிட்டா என்ன பண்ணுவான்? நம்மூரு மனுசன், திருப்பிக் கும்பிடாமப் போனா நாளெல்லாம் அரிச்சுக்கிட்டே இருக்கும். கும்பிடோணும்னா ஸ்டீயரிங்க உடோணும். ஸ்டீயரிங்க உடோணும்னா மொதல்ல ஆக்சிலேட்டர்ல இருந்து கால எடுக்கோணும். அவ்வளவுதான் கதை."

"பிள்ளைங்களும் வணக்கம் சொல்லட்டும்" என்றார் டீச்சர். "நமக்காக நிக்கறவங்களுக்கு நன்றி சொல்லாமப் போகலாமா?" அன்றிலிருந்து ரோட்டைக் கடக்கிற ஒவ்வொரு பிள்ளையும் நின்ற காரைப் பார்த்து ஒரு வணக்கம் வைத்துவிட்டுத்தான் போகும்.

தொல்லையும் இருந்தது. சில பேர் கோயில் நோன்பிக்கு வசூல் என்று நினைத்துக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்கள். உள்ளாட்சித் தேர்தல் சமயத்தில் வேறு கூத்து. வெளியூரிலிருந்து குடிவந்த ஒரு அம்மா காரை நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, "என்ன சின்னங்க?" என்று கேட்டார். எனக்கு விளங்கவில்லை. மதிலிலிருந்து நாச்சிமுத்து அண்ணன், "கொடச் சின்னம்ங்க, மறந்துராதீங்க" என்று குரல் கொடுத்தார். மழைக்கு ஒரு கைக்குடை என் இடுப்பில் செருகியிருந்தது. அந்த அம்மா ஓட்டுப் போட்டு வந்து, பட்டியலில் குடையே இல்லையே என்று என்னிடம் வருத்தப்பட்டார்.

எல்லாக் காரும் நின்றது என்று எழுதினால் பொய்யாகிவிடும். ஒரு கார் நிற்கவில்லை.

பெரிய வெள்ளைக் கார். முதல் மணி அடிக்கிற நேரத்துக்குச் சரியாக வரும். தூரத்திலேயே ஹாரன் கேட்கும். கண்ணாடி பாதி இறங்கியிருக்கும், வலது கை வெளியே தொங்கும். விரலில் சிவப்புக் கல் மோதிரம். அந்தக் கையை எனக்குச் சின்ன வயசிலிருந்து தெரியும். பண்ணாடியின் மகன். காடெல்லாம் இப்போது கோழிப்பண்ணையாகிவிட்டது. டவுனில் வீடு கட்டி வந்திருந்தார். கோழித்தீவன மில்லுக்குப் போக எங்கள் வீதிதான் குறுக்கு வழி.

முதல் தடவை அந்தக் கார் வந்தபோது நான் கும்பிட்டேன். கை கும்பிட்டுக்கொண்டிருக்கும்போதே கால் பின்னால் போய்விட்டது. நான் போகச் சொல்லவில்லை. அம்மா வரப்பை விட்டு இறங்குவாளே, அதே மாதிரி ரோட்டை விட்டு இறங்கி ஓரத்துக்கு வந்துவிட்டேன். கார் வேகம் குறையாமல் என்னைத் தாண்டிப் போனது. சேலை முந்தானை காற்றில் அடித்தது. நான் தலையாட்டாததால் டீச்சர் பிள்ளைகளை விடவில்லை. எல்லோரும் மதிலோரம் பத்திரமாக நின்றார்கள்.

இரண்டாம் நாளும் கால் போனது. மூன்றாம் நாளும் போனது. அரைப் பரீட்சைக்கு டைம்டேபிள் ஒட்டிவிட்டார்கள். தாளாளர் ஒரு காலையில் வந்து நின்று பார்த்தார். நல்லவேளை, அன்று வெள்ளைக் கார் முன்னாடியே போய்விட்டிருந்தது. ஆனால் போகும்போது டீச்சரிடம், "வெள்ளைக் கார் ஒண்ணு பறக்குதுன்னு பெத்தவங்க சொல்றாங்க. அது நிக்கலைன்னா நான் ஆளைப் போட்டுருவேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். அதைவிட எனக்குப் பயம் வேறு. ஏதாவது ஒரு பிள்ளை, நான் ரோட்டில் நிற்கிறேன் என்ற நம்பிக்கையில் காலை முன்னால் வைத்துவிட்டால்.

சாயந்திரம் டீச்சர் என்னிடம், "ஏன் பின்னாடி போற?" என்று கேட்டார்.

"தெரியலைங்க டீச்சர். காலு தானாப் போயிருது. அவரு எங்க பண்ணாடி மவனுங்க. எங்கம்மா அவங்க காட்டுலதான் இருந்தா."

டீச்சர் புத்தி சொல்லவில்லை. வீதி காலியாக இருந்தது. நடுரோட்டுக்குப் போனார், முந்தானையை அவிழ்த்துச் சாக்பீஸை எடுத்தார், குனிந்து ஒரு வட்டம் போட்டார். சின்ன வட்டம், இரண்டு பாதம் வைக்கத்தான் இடம்.

"நாளைக்கு இதுக்குள்ள நில்லு. உன் கை என்ன வேணும்னாலும் பண்ணிக்கட்டும். கால் இந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது. இப்ப நீ சொல்லு."

"கை என்ன வேணும்னாலும் பண்ணலாம்ங்க. காலு தாண்டக் கூடாதுங்க."

காலையில் வந்து பார்த்தபோது வண்டிகள் ஓடி வட்டம் பாதி அழிந்திருந்தது. டீச்சர் மறுபடியும் போட்டார். நான் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நின்றேன். வெறுங்காலில் நின்றால்தான் கோடு இருப்பது எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். மதிலோரம் பிள்ளைகள் ஜோடி சேர்ந்து நின்றார்கள். நாச்சிமுத்து அண்ணன் டீ டம்ளரை மதில்மேல் வைத்துவிட்டார். குடிக்கவில்லை.

ஹாரன் கேட்டது. வெள்ளைக் கார் திருப்பத்தில் வந்தது. என் கைகள் தாமாகச் சேர்ந்து கும்பிட்டன. கார் வந்துகொண்டே இருந்தது. கால் இழுத்தது. குதிகாலில் தார் ரோட்டின் சொரசொரப்பு தெரிந்தது, அதையே நினைத்துக்கொண்டு நின்றேன். மறுபடியும் ஹாரன். ஒதுங்கு என்பதற்கான ஹாரன் அது. அப்போது சேர்ந்திருந்த கைகள் பிரிந்தன. இடது கை கீழே இறங்கியது. வலது கை அங்கேயே நின்று, உள்ளங்கை காரைப் பார்த்துத் திரும்பியது.

டயர் தேய்கிற சத்தம். ரப்பர் வாசனை. நான் முன்சக்கரத்தைப் பார்த்தேன். கொஞ்சம் உருண்டது. நின்றது.

அவர் தலையை வெளியே நீட்டினார். "யாரது, பாவாயியா? நம்ம காட்டுல இருந்த மாராயி மவதான நீ?"

"ஆமாங்க."

"நம்ம வண்டின்னு தெரியலையா உனக்கு?"

"தெரியுதுங்க. கொழந்தைங்க போவோணும்ங்க."

"சரி, நான் போயிக்கிறேன். அப்பறம் போவட்டும்."

"இல்லைங்க. கொழந்தைங்க மொதல்ல போயிரட்டும்ங்க. அப்பறம் நீங்க போங்க."

இவ்வளவு பேச்சு நான் என் கல்யாணத்தன்றுகூடப் பேசியிருக்க மாட்டேன். கை இன்னும் இறங்கவில்லை. குனிந்து டூவீலர் வருகிறதா என்று பார்த்தேன். இல்லை. தலையை ஆட்டினேன்.

பிள்ளைகளுக்கு அவர் யார் என்று என்ன தெரியும். எல்லாக் காருக்கும் வைப்பதுபோல அவருக்கும் வணக்கம் வைத்தார்கள். ஜோடி ஜோடியாக வந்து, காருக்கு நேராக ஒரு கணம் நின்று, "வணக்கம்ங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். முதல் ஜோடிக்கு அவர் வேறு பக்கம் பார்த்தார். இரண்டாவது ஜோடிக்குக் கண்ணாடியைச் சரி செய்தார். யாழினி சத்தமாகச் சொல்கிற பிள்ளை, அவளுக்குத் தலையைக் கொஞ்சம் அசைத்தார். வரிசை வந்துகொண்டே இருந்தது.

நாச்சிமுத்து அண்ணனால் சும்மா இருக்க முடியவில்லை. "பண்ணாடி, பிரேக்குல காலு இருக்குதுல்லங்க? ஸ்டீயரிங்க உட்டுட்டுத் தாராளமாக் கும்பிடுங்க. வண்டி எங்கயும் ஓடிப்போயிராது."

"நீ டீயக் குடிய்யா" என்றார் அவர்.

அப்போது ஒன்றாம் வகுப்பு ரித்திகா வந்தாள். அவளுக்கு வணக்கமும் ஒன்றுதான், சாமி கும்பிடுவதும் ஒன்றுதான். காருக்கு முன்னால் நின்று, கையைத் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டு, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். உதடு முணுமுணுத்தது. ஜோடிப் பிள்ளை இழுத்துப் பார்த்தது, இவள் அசையவில்லை. பின்னால் வரிசையே நின்றுவிட்டது. டீச்சர் அவசரப்படுத்தவில்லை. பெரிய வெள்ளைக் காரும், அதன் பின்னால் வந்த இரண்டு காரும், ஒரு கேஸ் சிலிண்டர் ஆட்டோவும் ரித்திகா வேண்டி முடிக்கிற வரைக்கும் காத்துக்கொண்டிருந்தன.

முடித்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டு கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தாள். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மோதிரக் கை ஸ்டீயரிங்கை விட்டு எழுந்து, "சரி சாமி, போ" என்பதுபோல ஆடியது. கடைசி ஜோடி கேட்டுக்குள் போன பிறகு நான் வட்டத்தை விட்டு வெளியே வந்தேன். கார் மெதுவாகப் போனது.

அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. நிறுத்தியாகிவிட்டது, சரி. ஆனால் பெரிய இடத்து மனிதர், தாளாளருக்கு ஒரு போன் போட்டால் என் வேலை அதோடு முடிந்தது. மத்தியானச் சாப்பாட்டு மணி அடித்தபின் டீச்சர் அறைக்குக் கூப்பிட்டார்.

"உங்க பண்ணாடி மகன் போன் பண்ணுனார்."

நான் கதவைப் பிடித்துக்கொண்டேன்.

"உங்க ஆயா என் வண்டிய நிறுத்திப்போட்டான்னார். அதுக்குத்தாங்க அவளுக்குச் சம்பளம்னு சொன்னேன். அப்பறம், அந்தக் கண்ண மூடிட்டு நின்ன பாப்பா என்ன வேண்டிக்கிச்சுன்னு கேட்டுச் சொல்லுங்கன்னார்."

ரித்திகாவைக் கூப்பிட்டுக் கேட்டோம். வாயைப் பொத்திக்கொண்டு தலையை ஆட்டினாள். "வெளிய சொன்னா நடக்காது டீச்சர்" என்றாள். டீச்சர் அதை அப்படியே போனில் சொல்லிவிட்டார்.

மறுநாளிலிருந்து வெள்ளைக் கார் திருப்பத்திலேயே வேகம் குறைந்துவிடும். நான் கும்பிடுவேன். முதலில் ஸ்டீயரிங்கிலிருந்து இரண்டு விரல் மட்டும் எழும்பும். பொங்கலுக்கு அப்புறம் முழுக் கை எழும்பியது. அதற்கு மேல் போகவில்லை. எனக்கு அதுவே போதுமாக இருந்தது. சக்கரம் நின்றதல்லவா. அரைப் பரீட்சை முடிந்தது, தாளாளர் செக்யூரிட்டி ஆளைப் பற்றி அப்புறம் வாயைத் திறக்கவில்லை. வட்டத்தை மட்டும் டீச்சர் தினமும் போட்டுக்கொடுத்தார். ஓய்வு பெற்றுப் போகும்போது அந்தச் சாக்பீஸ் முடிச்சை அவிழ்த்து என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். அதற்கப்புறம் நானே போட்டு நானே நின்றேன். எனக்கும் வயதாகி வேலையை விட்டு வந்த பிறகுதான் கம்பமும் பெட்டியும் வந்தன. வேகத்தடையும் ஒன்று போட்டிருக்கிறார்கள். எங்கே போடுவது என்ற சண்டைக்கு நாச்சிமுத்து அண்ணன் முடிவு கட்டினார். "என்ற ஊட்டு முன்னாலயே போடுங்க. எந்த லாரி வருதுன்னு படுத்துட்டே சத்தத்துல கண்டுபிடிச்சுக்குவேன்" என்றார்.

போன தை மாதம் நாச்சிமுத்து அண்ணனின் பேத்திக்குக் கல்யாணம். மண்டபத்து வாசலில் சந்தனமும் கற்கண்டும் வைத்திருந்த மேசைக்குப் பக்கத்தில், வழக்கம்போல யார் கண்ணிலும் படாமல் ஒரு தூணோரம் நின்றுகொண்டிருந்தேன். பண்ணாடி மகன் வந்தார். முடியெல்லாம் வெளுத்துவிட்டது. பேரன் கையைப் பிடித்து நடந்து வந்தவர் என்னைப் பார்த்ததும் நின்றார். பேரனின் கையை விட்டார்.

"பாவாயி, நல்லாருக்கிறயா?" என்றார். "அந்தப் பாப்பா என்ன வேண்டிக்கிச்சுன்னு இன்னுமா தெரியல?"

"சொல்ல மாட்டீங்குதுங்க. இப்பக் காலேஜ் போவுதுங்க."

சிரித்தார். பிறகு மோதிரக் கையையும் மற்றக் கையையும் சேர்த்து, எல்லோரும் பார்க்க, என்னைக் கும்பிட்டபடி என் பக்கம் வந்தார்.

நான் திருப்பிக் கும்பிட்டிருக்க வேண்டும். எத்தனை வருஷப் பழக்கமோ, அந்த மோதிரக் கை என்னை நோக்கி வருவதைப் பார்த்ததும் என் வலது கை தானாக எழும்பி, உள்ளங்கையைக் காட்டி நின்றுவிட்டது.

அவரும் அப்படியே நின்றார்.

மண்டபமே சிரித்தது. நாச்சிமுத்து அண்ணன் மணமேடைப் பக்கத்திலிருந்து சத்தம் போட்டார்: "அம்மிணி, ரோடு காலியாத்தான் இருக்குது. தலைய ஆட்டு, அவரு வரட்டும்."

நான் குனிந்து இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினேன்.